சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: வான்தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

சுவரில் தொங்கும் தட்டையான உலக வரைபடத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் அளவுகோல் வைத்து இணைத்தால், கோடு கன்னியாகுமரிக்கு அருகே சென்று, அரேபியாவையும் சகாராவையும் அட்லாண்டிக்கையும் கடக்கும். அந்தக் கோட்டின் வழியே பறந்தால் ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர் ஆகும். உருண்டையான உலகில் மிகக் குறுகிய வழி அதுவன்று. ஓர் உலக உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வட துருவத்தின் பக்கமாகப் போய் நிற்கும்.

இந்த இணைக்குக் கணக்கும் எளிது. சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரியிலும், கென்னடி விமான நிலையம் மேற்கு 73.8 டிகிரியிலும் உள்ளன. இரண்டையும் கூட்டினால் 177.8 டிகிரி வருவதால், அவற்றின் தீர்க்கரேகைகள் உலகின் நேர் எதிர்ப் பக்கங்களில் இருப்பதாகவும், குறுகிய வழி வட துருவத்தின் வழியே போவதாகவும் கொள்ளலாம். சாங்கியின் வட அட்சரேகை 1.36 டிகிரி என்பதால் அங்கிருந்து துருவத்துக்கு 88.64 டிகிரி, கென்னடியின் அட்சரேகை 40.64 என்பதால் துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36 டிகிரி. ஆக மொத்தம் 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் சுமார் 15,345 கிலோமீட்டர் கிடைக்கும். தீர்க்கரேகைகள் இப்படி எதிரெதிரே அமையாத ஊர்களுக்கு இந்தக் கூட்டல் பொருந்தாது. அங்கே கோள முக்கோணவியலின் கொசைன் விதியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது நேரம். 2020 நவம்பரில் இத்தடத்தில் நேரடிச் சேவையைத் தொடங்கிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயன்படுத்தும் ஏர்பஸ் ஏ350 விமானம், உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. தொலைவை வேகத்தால் வகுத்தால் 17 மணி நேரம். ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதற்கும், மேலேறி இறங்கும்போது குறையும் வேகத்துக்கும் முக்கால் மணி நேரமாவது கூட்ட வேண்டும். ஆனால் அட்டவணையில் காணப்படும் நேரமோ 19 மணியை நெருங்குகிறது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வானக் காற்றைப் பின்னால் பெறுவதற்காக, விமானம் பெரும்பாலும் துருவ வழியை விட்டுப் பசிபிக் மீது நீண்ட வழியில் செல்வதே இதற்கு முதன்மையான காரணம். கூடும் தொலைவைக் காற்றின் உதவி ஓரளவு ஈடுகட்டுகிறது. எனவே குறுகிய தொலைவைக் கொண்டு கிடைக்கும் விடையைக் கீழ் எல்லையாக மட்டுமே கொள்ளுங்கள்.

பலரும் தடுமாறுவது சென்றடையும் நேரத்தில்தான். பயணச்சீட்டில் அச்சிட்ட இரு நேரங்களும் அந்தந்த ஊரின் நேரங்கள் என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பயணக் காலத்தை அறிய முடியாது. நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டு 18 மணி 40 நிமிடம் பறந்தால், சிங்கப்பூர்க் கடிகாரத்தில் மறுநாள் காலை 6.40. நியூயார்க் கோடைகாலத்தில் 12 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அங்கே இறங்கும்போது புறப்பட்ட அதே நாளின் மாலை 6.40 ஆகவே இருக்கும். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறுவரை இந்த வேறுபாடு 13 மணி நேரமாகிவிடும்; அப்போது மாலை 5.40 என்று கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை.