வராத சேவைப் பதக்கத்தைக் கேட்டு வாங்குவது

முதலில் ராணுவத்திலிருந்து விடுபட்டபோது தந்த டிஸ்சார்ஜ் புக்கைத் திறந்து பதக்கங்கள் பகுதியைப் பாருங்கள். அங்கே பெயர் இருந்தும் பதக்கம் கைக்கு வரவில்லை என்றால் வேலை சுலபம். பெயரே இல்லையென்றால்தான் பதிவைத் திருத்தக் கேட்க வேண்டும்.

மனு போகவேண்டிய இடம் உங்கள் ரெஜிமென்ட்டின் சேவைப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியிலுள்ள வெலிங்டன். சென்னையில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மனுவை அனுப்பிவைக்கும், முடிவு அவர்கள் கையில் இல்லை.

எந்தப் பதக்கம், எந்தத் தேதிகளில் எந்த யூனிட்டில் இருந்தீர்கள் என்று எழுதுங்கள். சங்கிராம் பதக்கம் 1971 போர்க்கால சேவைக்கு. சுதந்திர 50-வது ஆண்டுப் பதக்கத்துக்கு 15.8.1997 அன்று சேவையில் இருந்திருக்க வேண்டும். நீண்டகாலச் சேவைப் பதக்கங்கள் 9, 20, 30 ஆண்டுகளுக்கு. "எல்லாப் பதக்கமும் தாருங்கள்" என்ற மனு அப்படியே தூங்கும்.

அதிகம் சிக்குவது பெயரில். நம்மூர் இனிஷியல் படையில் விரிந்து, 'மு. செல்வம்' 'செல்வம் முருகன்' ஆகியிருக்கும், ஆதாரில் இன்னொன்று. மனுவில் படைப்பதிவில் உள்ளபடியே எழுதி, ஆர்மி நம்பரை, முன்னெழுத்து இருந்தால் அதோடும், கடைசி எழுத்தோடும் சேர்த்துப் போடுங்கள். வேறு யூனிட்டோடு இணைந்து வேலை பார்த்த காலமிருந்தால் அதைப் பதிவுசெய்த யூனிட் உத்தரவான பார்ட் டூ ஆர்டரின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) கேளுங்கள். ஆர்டிஐ மனுக் கட்டணம் 10 ரூபாய்தான்.

ஒரிஜினலை அனுப்பாதீர்கள், நகலை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். 6 மாதம் பதிலில்லையென்றால் ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம். அந்த ரசீது அங்கேதான் பேசும்.