ஃபோர்த் பாரம் சேர்ந்த வருடம்: பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் முறை

1961, 62-ல் ஹைஸ்கூலில் ஃபோர்த் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, சேர்ந்தவர்களுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் தெருவுக்கு ஒரு தாத்தாவோ ஆயாவோ அப்படி இருப்பார்கள். அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதி வைக்கும் வேலையைத் தள்ளிப் போடக் கூடாது.

வகுப்பின் பெயரிலிருந்து தொடங்குங்கள். "ஒன்பதாம் வகுப்புல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் பலருக்குச் சட்டென்று பிடிபடாது. அன்றைய சென்னை மாநிலத்துப் பேச்சில் ஆறாம் வகுப்பு ஃபர்ஸ்ட் பாரம், ஒன்பது ஃபோர்த் பாரம், பதினொன்று சிக்ஸ்த் பாரம், அதாவது எஸ்.எஸ்.எல்.சி. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்றால் கணக்கு தலைகீழ். அங்கே சிசியேமில் தொடங்கி சேங்கியேம், கத்ரியேம் என்று எண் இறங்கிக்கொண்டே போகும். அவர் சொல்லும் பெயரையே எழுதுங்கள். இன்றைய வகுப்பு எண்ணை ஓரத்தில் குறித்தால் போதும்.

காலை டிபன் முடிந்த பிறகு போவது நல்லது. 45 நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். ரெக்கார்ட் செய்யலாமா என்று கேட்டு, சரி என்ற பிறகே போனை எடுங்கள். அதை ஏரோபிளேன் மோடில் போடாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துவிடும். மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம்கூட இடி மாதிரி பதியும். மின்விசிறி நேர் மேலே ஓடினால் பேச்சு கரைந்துவிடும். வீட்டில் மற்றவர்கள் "அது அப்படி இல்லப்பா" என்று குறுக்கே வருவார்கள். அவர்களிடம் தனியாக இன்னொரு நாள் பேசுவதாகச் சொல்லிவிடுங்கள்.

"என்ன ஞாபகம் இருக்கு?" என்ற கேள்விக்கு "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்ற பதில்தான் வரும். வழியைக் கேளுங்கள். "தாத்தா, உங்க வீட்டு வாசல்லேர்ந்து பள்ளிக்கூடத்து கேட்டு வரைக்கும் எப்படிப் போவீங்க?" என்று கேட்டு, ஒரு பெரிய தாளைக் கையில் கொடுங்கள். கடலூர்க்காரருக்குத் திருப்பாப்புலியூரில் வீடு, மஞ்சக்குப்பத்தில் பள்ளி என்றால் கெடிலம் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். ஆற்றில் தண்ணீர் வந்த நாளில் என்ன செய்தார், யார் கூட நடந்தார், எந்தக் கடையில் நின்றார் என்று கோடு போகப் போக ஆட்கள் தானாக வந்து சேருவார்கள்.

முடிந்தால் ஒரு மைப் பேனாவும் மைப் புட்டியும் கொண்டு போங்கள். ஃபில்லரால் மை ஊற்றும் பழைய வகை என்றால் இன்னும் நல்லது. கழுத்தைத் திருகிக் கழற்றி, மை ஊற்றி, மூடி, நிப்பைத் துடைப்பதற்குள் விரல்கள் பழைய வேலையை ஞாபகப்படுத்திக்கொள்ளும். மரை தேய்ந்த பேனா கழுத்தில் கசிந்து நடுவிரலில் நீலம் ஏற்றும். பாதி காலியான பேனா கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, தாளில் பொட்டென்று மை கக்கும். அதை ஒற்றி எடுக்கத்தான் பிளாட்டிங் பேப்பர். மை தீர்ந்தவனுக்குப் பக்கத்து ஆள் தன் பேனாவிலிருந்து சொட்டுக் கணக்கில் கடன் கொடுப்பான். "உங்களுக்கு யார் கொடுப்பாங்க?" என்று கேளுங்கள், பெஞ்சில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பது முழுசாக வரும்.

காசுக் கணக்கில் தடுமாற்றம் நேரும். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு என்ற நயா பைசா வந்துவிட்டாலும், பேச்சில் ரூபாய்க்குப் பதினாறு என்ற அணா போகவில்லை. ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 நயா பைசா என்று மாற்றினார்கள். அவர் "ரெண்டணா" என்றால் அப்படியே எழுதுங்கள், நீங்களாக பைசாவாக்காதீர்கள்.

ஃபோர்த் பாரத்தையும் சிக்ஸ்த் பாரத்தையும் எல்லோருமே கலந்து சொல்வார்கள். பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கும் என்பதை வைத்துக்கொண்டு, ஊரே பேசிய நிகழ்ச்சிகளோடு ஒட்டிப் பாருங்கள். எட்டுக் கிரகம் ஒன்று சேர்கிறது என்று மக்கள் பயந்தது 1962 பிப்ரவரி. அதே மாதம் பொதுத்தேர்தல். சீனப் போர் 1962 அக்டோபர், நவம்பர். காமராஜர் முதல்வர் பதவியை விட்டது 1963 அக்டோபர். நேரு மறைந்தது 1964 மே 27, கோடை விடுமுறை. இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்துக்குப் போனது 1965 ஜனவரி. 1961 ஜூனில் ஃபோர்த் பாரம் சேர்ந்து, எங்கும் தவறாமல் தேறியவர் 1964-லேயே எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருப்பார். அவர் ஃபோர்த் பாரத்தில் அந்த இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போனதாகச் சொன்னால் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது. அங்கேயே மறுக்காதீர்கள். குறித்து வைத்து, அடுத்த முறை வேறு வழியில் கேளுங்கள்.

புதுச்சேரிக்காரரிடம் 1962 ஆகஸ்ட் 16-ஐக் கட்டாயம் கேட்க வேண்டும். 1954 நவம்பர் 1-லேயே நிர்வாகம் கைமாறினாலும், சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது அன்றுதான். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா என்ன முடிவெடுத்தார், அதனால் பள்ளி மாறியதா என்பது பல வீடுகளில் பெரிய விஷயம். பதில் சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

வகுப்பு போட்டோவையும், சான்றிதழாகக் கொடுத்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் பேச்சு முடிந்த பிறகே எடுக்கச் சொல்லுங்கள். போட்டோ முதலில் வந்தால் அதில் இருக்கும் முகங்களைத் தாண்டி நினைவு நகராது. கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்காமல், பிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுங்கள். பேர்களைப் படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். டிரேசிங் தாளில் தலைகளுக்கு எண் போட்டுத் தனியாக எழுதுங்கள். பழைய புத்தகத்தை லேமினேட் செய்யவே கூடாது, பிறகு பிரிக்க முடியாது. கடற்கரை ஈரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கி வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும். காகித உறை, அலமாரியின் மேல் தட்டு போதும். புத்தகத்தில் உள்ள பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிக் குறைத்துச் சொன்ன குடும்பங்கள் நிறைய. ஜூனுக்குச் சற்று முந்திய தேதியாக இருந்தால் கேட்டுவிடுங்கள்.

எழுதியதை ஒரு வாரத்துக்குள் கொண்டுபோய் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அப்போது அவர் திருத்துவதையும் பதிவு செய்யுங்கள். விட்டுப்போன பெயர்கள் பெரும்பாலும் அன்றைக்குத்தான் வரும்.