மேச்சேரிச் செம்மறியின் குடலிலிருந்து ஆர்கனாய்டு வளர்க்கும் முறை

கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி ஆட்டுக்குட்டிகளுக்குக் கழிச்சலை எப்படி உண்டாக்குகிறது என்று அறிய, குட்டிகளுக்கே நோயை ஏற்றிப் பார்ப்பது பழைய வழக்கம். அந்தக் கேள்விகளில் பலவற்றுக்கு, இறைச்சிக்காக எப்படியும் அறுக்கப்படும் ஆட்டின் சிறுகுடலிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டே, அதாவது மணல் மணி அளவிலான குடல் உருண்டையே, விடை தந்துவிடும்.

மேச்சேரி சேலம் பக்கத்துச் செம்மறி இனம் என்பதால் சேலத்தில் திசு கிடைப்பது எளிது. கெடாமல் கொண்டு சேர்ப்பதுதான் பாடு. ஆய்வகம் தலைவாசல் பக்கம் என்றால் சேலத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சித்திரை வெயிலில் அதற்குள் குடல் தன்னைத் தானே செரித்துக்கொள்ளும். ஆகவே ஆடுவதைக் கூடத்திலேயே விரல் நீளத் துண்டை வெட்டி, நுண்ணுயிர்க்கொல்லி கலந்த குளிர்ந்த பிபிஎஸ் என்னும், செல்களைக் கெடுக்காத உப்புக் கரைசலால் உள்ளே அலசி, ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

ஆய்வகத்தில் துண்டை நீளவாக்கில் பிளந்து, குடலின் உட்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகளைக் கண்ணாடித் தகட்டின் விளிம்பால் வழித்தெடுத்துவிட்டு, சிறு துணுக்குகளாக்கி, கழுநீர் தெளியும்வரை கழுவ வேண்டும். பத்து முறைக்கு மேல் ஆனாலும் சலிக்கக் கூடாது. இங்கே மிச்சப்படுத்திய நேரம் மறுநாள் காலை நுண்ணுயிர் பெருகிக் கலங்கிய வளர்ப்பு ஊடகமாகத் திரும்பி வரும். பின்பு, செல்களின் பிடிப்பைத் தளர்த்தும் குளிர்ந்த இடிடிஏ கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்துக் குலுக்கி, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பாருங்கள். அகன்ற இலைபோல் தெரிபவை உறிஞ்சிகள். குட்டை விரல்போல் தெரிபவையே நமக்கு வேண்டிய குழிகள் (உறிஞ்சிகளுக்கு இடையே குடல் சுவரில் புதைந்திருப்பவை). புதிய குடல் செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் அவற்றின் அடியில் உள்ளன.

70 மைக்ரான் வலையில் வடித்த குழிகளை ஐஸில் வைத்த மேட்ரிஜெல் என்னும் பசையில் கலந்து, 50 மைக்ரோலிட்டர் சொட்டுகளாக இட்டு, 37 டிகிரியில் உறையவிடுங்கள். (விலங்குக்கு மாற்றுத் தேடும் வேலையில், எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த இந்தப் பசையை நம்பியிருப்பது முரண்தான்.) ஸ்டெம் செல்களைப் பேணும் வின்ட், ஆர்-ஸ்பாண்டின், நாகின் ஆகிய வளர்ச்சிக் காரணிகள் சேர்ந்த ஊடகத்தை இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மாற்றினால் போதும்.

உருண்டையில் குடலின் உட்பரப்பு உள்ளே மூடிக்கிடக்கும். ஒட்டுண்ணி தொற்றுவதோ அந்தப் பரப்பில்தான். எனவே தொற்றுக்கு முன் உருண்டைகளை உடைக்கவோ, துளைச் சவ்வின்மேல் ஒற்றை அடுக்காக வளர்க்கவோ வேண்டும். இதில் இரத்தமும் நோயெதிர்ப்புச் செல்களும் இல்லாததால், தடுப்பூசி பலன் தருமா என்பதை இது மட்டுமே சொல்லிவிடாது.

ஒரே ஆட்டின் குடலை நூறு கிண்ணங்களில் வளர்த்தாலும் கணக்கில் அது ஒரே ஆடுதான். குறைந்தது மூன்று ஆடுகளின் வரிசைகளைத் தனித்தனியே வளர்த்து, ஆட்டின் இனம், வயது, அறுத்த நாள் ஆகியவற்றைக் குப்பியில் எழுதி, பிரித்துப் பிரித்து வளர்ப்பதன் தொடக்கத் தலைமுறைகளிலேயே திரவ நைட்ரஜனில் சேமித்துவிடுங்கள்.