கதைக்கு ஒரு கிரகம் செய்வது எப்படி?

விண்வெளிக் கதை எழுதுகிறவர்கள் என்னிடம் படிக்கக் கொடுப்பதில் பாதிக்கு மேல் பாலைவனக் கிரகம், இல்லாவிட்டால் பனிக் கிரகம். பூமி ஒன்றிலேயே சஹாராவும் அமேசானும் அண்டார்க்டிகாவும் இருக்கும்போது, முழுக் கிரகத்துக்கும் ஒரே தட்பவெப்பம் என்றால் எனக்கு ஒப்பவில்லை. நிலத்தை விடுங்கள். முதலில் அதன் சூரியனை முடிவு செய்யுங்கள்.

எனக்குப் பிடித்தது சிவப்புக் குள்ள விண்மீன். நம் சூரியனின் நிறையில் பத்தில் மூன்று பங்கு, வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பூமிக்குக் கிடைக்கிற வெப்பமே கிரகத்துக்கும் வேண்டுமானால், வெளிச்சத்துக்கு வர்க்கமூலம் எடுங்கள்: பத்தில் ஒன்று. பூமி 15 கோடி கிலோமீட்டரில் சுற்றுகிறது. இது ஒன்றரைக் கோடியில் சுற்ற வேண்டும். அடுத்து கெப்ளர் விதி. பூமியின் தூரத்தையும் சூரியனின் நிறையையும் 1 என்று கொண்டு, தூரத்தின் மும்மடியை நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிரகத்தின் ஆண்டு நீளம் பூமி ஆண்டுக் கணக்கில் வரும். 21 நாள்தான்! மிகை என்று நினைக்க வேண்டாம். நம் சூரியனுக்கு மிக அருகில் உள்ள சிவப்புக் குள்ளன் பிராக்ஸிமா. 2016இல் அறிவிக்கப்பட்ட அதன் கிரகம் பிராக்ஸிமா பி சுமார் 11 நாளிலேயே ஒரு சுற்றை முடித்துவிடுகிறது.

இவ்வளவு கிட்டத்தில் இருந்தால், நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுகிற மாதிரி, கிரகமும் தன் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டத் தொடங்கிவிடும். ஒரு பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் விடியாத இரவு. நடுவில் உள்ள அந்திப் பட்டையில் ஜனங்களைக் குடியேற்றுங்கள்.

கால்குலேட்டரை மூடிவிட்டு அந்த ஊர்த் தெருவில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நம் சூரியனைப் போல மூன்று மடங்கு அகலத்தில் ஒரு செம்மஞ்சள் வட்டம், அடிவானத்துக்கு 5 டிகிரி மேலே, அசையாமல். பத்தடிச் சுவர் ஒன்று எழுப்பினால் நிழல் நூறடிக்கு மேல் நீளும். அது மாலையில் விலகப்போவதில்லை. எந்த நாளும் விலகாது. பின்னால் இருக்கிற வயல் செத்தது. ஆகவே அந்த ஊரில் மாடி கட்டப் பின்வீட்டுக்காரர் எல்லாரும் கைநாட்டு வைக்க வேண்டும். பணக்காரர்கள் முன்வரிசையில். "நிழல்ல பொறந்த பய" என்பது அங்கே கைகலப்பில் முடிகிற வசவு. தரையை ஒட்டி வீசும் காற்று இருட்டுப் பக்கத்திலிருந்தே வரும் என்பதால் வீட்டின் பின்சுவரில் ஜன்னலே இருக்காது.

ஆனால் இவ்வகை விண்மீன்கள் பல அடிக்கடி சீறும், அதாவது திடீரென்று கதிர்வீச்சைக் கக்கும்; பிராக்ஸிமாவும் அப்படித்தான். சீற்றம் வருகிற நாளில் முன்வரிசைக்காரன் குடும்பத்தோடு எங்கே ஓடுவான்? பின்வீட்டு நிழலுக்குத்தான். அன்றைக்கு அங்கே ஒதுங்க என்ன கூலி? எனக்கு இந்த இடத்தில் கதையே கிடைத்துவிடும். பேரரசும் போர்க்கப்பலும் அதற்கப்புறம் வரட்டும்.

நாளை எப்படி எண்ணுவார்கள் என்பதையும் யோசியுங்கள். பட்டையில் வானம் முழுதாக இருட்டாது, நட்சத்திரம் சரியாகத் தெரியாது. இருட்டுப் பக்கத்தில் நட்சத்திரங்கள் 21 நாளுக்கு ஒரு சுற்று வரும். அங்கே வேட்டைக்குப் போய்வருகிற ஆள் சொல்வதுதான் தேதி. அவன் பொய் சொன்னால் கடன் கெடு, கல்யாணம் எல்லாம் தள்ளிப்போகும்.

ஈர்ப்புக்கு ஒரு வரி போதும்: நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் வகுக்கவும். பூமியைப் போல 4 மடங்கு நிறை, ஒன்றரை மடங்கு ஆரம் என்றால் 1.78 மடங்கு ஈர்ப்பு. அறுபது கிலோ ஆளுக்கு நூற்றேழு கிலோவைச் சுமக்கிற பாரம். படிகளைத் தாழ்வாகக் கட்டுங்கள். தப்பிக்கும் வேகம், அதாவது கிரகத்தின் ஈர்ப்பை விட்டு வெளியேறத் தேவையான வேகம், நொடிக்குச் சுமார் 18 கிலோமீட்டர், பூமியிலோ 11.2. எரிபொருள் ராக்கெட்டில் கிளம்புவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்; உங்கள் கப்பலுக்கு வேறு வழி பாருங்கள்.

பெயர் கடைசியில். ஸ், க்ஸ், ஃ என்று அடுக்காதீர்கள். அங்கே பல் போன கிழவியும் அதை ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்ல வேண்டியிருக்கும்.