கோபன்ஹேகனில் ஓர் இலையுதிர்கால வார இறுதி: திட்டம் போடுவது எப்படி?

கோடையில் டென்மார்க் தலைநகரான கோபன்ஹேகன் போகிறவர்களுக்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், கால் போன போக்கில் நடந்தாலே பொழுது போய்விடும். இலையுதிர்காலத்தில் அது நடக்காது. செப்டம்பர் கடைசியில் மாலை ஏழு மணிக்கு மறைகிற சூரியன், நவம்பர் நடுவில் நான்கு மணிக்கே மறைந்துவிடும். அதனால் விமான டிக்கெட்டைத் தேடும் முன் வெளிச்சத்தைக் கணக்குப் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வரிசைப்படும்.

லண்டன், பாரிஸ், ஜெர்மனி பக்கம் குடியிருந்து, வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்ப நினைப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அலுவலக வேலையாக ஊரிலிருந்து ஐரோப்பா வந்து, நடுவில் ஒரு சனி ஞாயிறு சும்மா கிடைத்தவர்களுக்கும் பொருந்தும்.

படி 1: தேதியை முடிவு செய்யுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். இந்தப் பருவத்துக்குள்ளேயே மூன்று விதமான வார இறுதிகள் இருக்கின்றன.

செப்டம்பர் இரண்டாம் பாதி: வெளிச்சம் தாராளம், குளிர் குறைவு. ஆனால் மாதக் கடைசியில் டிவோலி கேளிக்கைப் பூங்கா கோடைப் பருவத்தை முடித்துக்கொண்டு மூடிவிடும். ஹாலோவீன் அலங்காரத்தோடு மறுபடி திறப்பது அக்டோபர் நடுவில்தான். இடையில் உள்ள சுமார் மூன்று வாரத்தில் போனால், ஊரின் நட்டநடுவில் பூட்டிய கேட்டைத்தான் பார்ப்பீர்கள். 1843இல் திறந்த பூங்கா, நகரத்துக்கே அடையாளம். குழந்தைகளோடு போகிறவர்கள் அதன் இணையதளத்தில் திறப்புத் தேதியைப் பார்க்காமல் டிக்கெட் போடவே கூடாது.

அக்டோபர் நடு: என் ஓட்டு இதற்குத்தான். காடுகள் மஞ்சளும் செம்பழுப்புமாக மாறியிருக்கும், டிவோலி திறந்திருக்கும், சூரியன் மறைய மாலை ஆறு ஆகும். டேனிஷ்காரர்கள் நாள்களை வார எண்ணால் சொல்வார்கள். 42ஆம் வாரம் பள்ளிகளுக்கு இலையுதிர் விடுமுறை, அப்போது அருங்காட்சியகங்களில் குழந்தைகள் கூட்டம் அலைமோதும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ‘குல்டூர்நாட்டன்’ என்ற கலாசார இரவு. ஒரே அனுமதிச்சீட்டு வாங்கினால் அருங்காட்சியகங்கள், தேவாலயங்கள், சில அரசு அலுவலகங்கள்கூட இரவில் கதவு திறக்கும். வெள்ளி மாலையே வந்து சேர முடிந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு: கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். முந்தைய நாள் ஐந்தே முக்காலுக்கு மறைந்த சூரியன் அன்று நாலே முக்காலுக்கே மறையும். அறை வாடகை குறையும் என்பது உண்மைதான், ஆனால் காடு, கடற்கரை என்ற ஆசையை விட்டுவிட்டு அருங்காட்சியகமும் காபிக்கடையுமாகத் திட்டம் போடுங்கள்.

படி 2: விசாவும் பயணச்சீட்டும்

டென்மார்க் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற வேறொரு ஷெங்கன் நாட்டின் குடியிருப்பு அனுமதி இருந்தால் அதுவும் பாஸ்போர்ட்டும் போதும். பிரிட்டனில் வசிக்கும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்கள்தான் கவனிக்க வேண்டும்: பிரிட்டிஷ் விசா டென்மார்க்கில் செல்லாது, ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். கெடு வரை காத்திருக்காதீர்கள்.

லண்டனிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஹாம்பர்கிலிருந்து நேரடி ரயில் உண்டு, ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தங்கும் இடம்

விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறினால் கால் மணி நேரத்தில் நகர மையம். மெட்ரோ 24 மணி நேரமும் ஓடும், அதனால் நட்டநடுவில்தான் தங்க வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. ஆமகர் பக்கம் மெட்ரோ நிலையத்துக்கு அருகில் அறை கிடைத்தால் போதும், வாடகையும் கொஞ்சம் இறங்கும். மையத்தில்தான் வேண்டும் என்றால் நோர்ரபோர்ட் நிலையத்தைச் சுற்றித் தேடுங்கள். மெட்ரோ, உள்ளூர் ரயில் இரண்டும் அங்கே வரும்.

படி 4: பணமும் பாஸும்

யூரோ நாடு இல்லை, டேனிஷ் குரோனர்தான். ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 7.45 குரோனர், இந்த விகிதம் பெரிதாக மாறாது. நோட்டு மாற்றவே வேண்டாம், எல்லா இடத்திலும் கார்டு எடுபடும். விலைதான் கொஞ்சம் மூச்சு முட்டும். கடைக் காபி 40 குரோனருக்கு மேல் போவது சகஜம்.

பாஸ் விஷயத்தில் குழம்ப வேண்டாம். நகரத்துக்குள் மட்டும் சுற்றப்போகிறீர்கள் என்றால் சிறிய சிட்டி பாஸ் போதும். 1 முதல் 4 வரையிலான மண்டலங்கள் அதில் அடங்கும், விமான நிலையமும் அதற்குள் வரும். டிவோலி, லூயிசியானா கலை அருங்காட்சியகம், இன்னும் இரண்டு அருங்காட்சியகம் என்று பட்டியல் நீண்டால் கோபன்ஹேகன் கார்டு லாபம், நுழைவுக் கட்டணமும் பயணமும் அதிலேயே சேர்ந்துவிடும். ஒன்று சொல்ல வேண்டும்: மெட்ரோவில் தடுப்புக் கதவே கிடையாது. யாரும் தடுக்கவில்லையே என்று டிக்கெட் இல்லாமல் ஏறினால், பரிசோதகர் போடும் அபராதத்துக்கு நல்ல ஹோட்டலில் சாப்பிட்டிருக்கலாம்.

படி 5: பை

அக்டோபரில் பகலில் 12 டிகிரி, இரவில் 7 டிகிரி அளவில் இருக்கும். எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், கடல்காற்றுதான் ஆளைப் படுத்தும். குடை அந்தக் காற்றில் இரண்டு நிமிடத்தில் மடங்கிப்போகும். தலைமூடி வைத்த, மழை புகாத ஜாக்கெட், உள்ளே ஒரு ஸ்வெட்டர், தண்ணீர் இறங்காத ஷூ. நனைந்த இலைகள் கிடக்கும் கல்பாவிய தெருவில் வழுவழு அடிப்பாகம் உள்ள ஷூ ஆபத்து. தண்ணீர் பாட்டிலும் எடுத்துப்போங்கள், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம்.

படி 6: சனிக்கிழமை, வெளிச்சம் உள்ளபோதே வெளியே

காலையில் முதல் வேலை டியூரேஹாவன் என்ற மான் காடு. வடக்கே போகும் எஸ்-ரயில் என்ற உள்ளூர் ரயிலின் சி வண்டியில் கடைசி நிறுத்தமான கிளாம்பென்போர்க்கில் இறங்கினால், பக்கத்திலேயே காட்டின் சிவப்புக் கதவு. கட்டணம் இல்லை. பழைய அரச வேட்டைக்காடு, 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. ஏறத்தாழ 2,000 மான்கள் இருக்கின்றன. செப்டம்பர், அக்டோபரில் அவற்றுக்கு இணைசேரும் பருவம். எரெமிடேஜ் மாளிகை நிற்கும் புல்வெளியை நெருங்கும்போதே ஆண் செம்மானின் கனைப்பு கேட்கும். மான் கத்துகிறது என்று நம்ப முடியாத அளவுக்குத் தொண்டையடியிலிருந்து வரும் முழக்கம். கழுத்து மயிர் சேறாகி, கொம்பில் புல் தொங்க, இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று நோட்டம் விட்டபடி பக்கம் பக்கமாக நடக்கும். அந்தச் சமயத்தில் அவை மனிதரை மதிக்காது. செல்ஃபிக்காகக் கிட்டே போகாமல் நல்ல தூரத்தில் நின்று பாருங்கள்.

மதியத்துக்கு நோர்ரபோர்ட் திரும்பி, பக்கத்திலுள்ள டோர்வஹாலர்ன் சந்தையில் சாப்பிடலாம். ரை ரொட்டியின் மேல் மீன், முட்டை, இறைச்சி என்று அடுக்கித் தரும் ‘ஸ்மோர்பிரோட்’ மதிய உணவு, பல கடைகளில் இரவுக்குக் கிடைக்காது. சைவக்காரர்கள் அவித்த உருளைக்கிழங்கு வைத்ததைக் கேளுங்கள். தெருவண்டியில் விற்கும் சிவப்பு சாசேஜ் பன்றி இறைச்சி, வேண்டாதவர்கள் தவிர்க்கலாம். பேக்கரியில் ஏலக்காய் பன் கிடைத்தால் விடாதீர்கள். நம் பாயசத்தில் கிள்ளிப் போடுகிற ஏலக்காயை இவர்கள் மாவில் அள்ளிக் கொட்டுகிறார்கள்.

சாப்பிட்டதும் வட்டக் கோபுரம். 1642இல் கட்டி முடித்தது. உச்சியின் குறுகலான சில படிகளைத் தவிர, சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப்பாதைதான். 1716இல் ரஷ்யாவின் ஜார் பீட்டர் குதிரையிலேயே மேலே போயிருக்கிறார். இதைக் கட்டிய நான்காம் கிறிஸ்டியன் மன்னர் காலத்தில்தான், 1620இல், தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கால்வைத்தார்கள். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோபுரத்தில் ஏறுவது தனிச் சுவை.

மிச்ச வெளிச்சத்தில் துறைமுகத்தின் மஞ்சள் படகுப் பேருந்து. பாஸ் செல்லும், சுற்றுலாப் படகுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். இருட்டிய பின் டிவோலி. பகலில் பார்ப்பதைவிட விளக்குப் போட்ட பிறகு போவதே மேல்.

நடக்கும்போது சைக்கிள் பாதையில் மட்டும் கால் வைக்காதீர்கள். நிற்கப்போகிறவர் கையை உயர்த்திக் காட்டுவார், பின்னால் வருபவர் அதை நம்பியே வேகமாக மிதிக்கிறார். நடுவில் நாம் போனால் வசவுதான். வாடகைச் சைக்கிள் எடுப்பதாக இருந்தால், அரைநாள் இந்தப் பழக்கங்களைக் கவனித்துவிட்டு எடுங்கள்.

படி 7: ஞாயிற்றுக்கிழமை

வானம் தெளிவாக இருந்தால் லூயிசியானா நவீனக் கலை அருங்காட்சியகம். ரயிலில் 35 நிமிடம், ஹும்லபெக்கில் இறங்கிக் கொஞ்சம் நடை. வார இறுதியில் காலை 11 முதல் மாலை 6 வரை. உள்ளே நுழைந்ததும் கூடங்களுக்குப் போகாமல் நேரே சிற்பத் தோட்டத்துக்குப் போங்கள், கடலுக்கு அப்பால் ஸ்வீடன் தெரியும். உள்ளே இருக்கும் சிற்பி ஜியாகோமெட்டியின் ஒல்லி உருவங்களை இருட்டிய பிறகும் பார்க்கலாம்.

மழை கொட்டினால் ஹும்லபெக்கை மறந்துவிட்டு நகரத்திலேயே உள்ள கிளிப்டோடெக் கலை அருங்காட்சியகம். கார்ல்ஸ்பர்க் பீர் குடும்பத்தின் கார்ல் யாகப்சன் உருவாக்கியது. கண்ணாடிக் கூரையின்கீழ் பனைமரத் தோட்டமும் காபிக்கடையும் இருப்பதால் மழைநாளுக்கென்றே கட்டியதுபோல் இருக்கும். பயணத்தைத் திங்கள் வரை நீட்டுகிறவர்கள் கவனிக்க: இவை இரண்டும் திங்கள் விடுமுறை.

கிளம்பும் முன், வாங்கிக் குடித்த பாட்டில், கேன்களை ஏதாவது சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 குரோனர் வைப்புத்தொகை திரும்ப வரும். லண்டன் விமானம் என்றால் ஷெங்கன் எல்லையைக் கடக்கும் பாஸ்போர்ட் வரிசை தனியாக உண்டு, அதற்கென்று கூடுதலாக ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.