சிடியும் ஃப்ளாக்கும்: ஒப்பிடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பழைய நாகசுர சிடிகள் இல்லாத வீடு குறைவு. அவற்றை இப்போது இளவட்டங்கள் ஃப்ளாக் (FLAC) என்ற, ஒலி குறையாமல் சுருக்கி வைக்கும் கோப்பாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சிடியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நல்ல காரியம். தூசி துடைப்பது, கீறாமல் பிடிப்பது எல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாதவை வேறு.

ஃப்ளாக் என்ற பெயரை நம்புவது

மன்னார்குடித் தம்பி ஒருவர் ஹார்டு டிஸ்க்கோடு வந்தார். "அண்ணே, தாத்தா சிடி எல்லாம் ஃப்ளாக் ஆக்கிட்டேன். சிடியை பழைய பேப்பர் கடையில போட்டாச்சு."

ஒரு மல்லாரியைப் போட்டேன். நாகசுரத்தில் குறை தெரியவில்லை. கூடவே தட்டும் தாளக் கருவிதான் காட்டிக்கொடுத்தது. கணீரென்று தெறித்து மெல்ல அடங்க வேண்டிய ஓசை, 'சர்ர்' என்று கலங்கிப்போயிருந்தது. ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக் மென்பொருளில் திறந்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டிய மாதிரி வெறுமை. சிடியில் 22 வரை இடம் உண்டு. விசாரித்தால், வீட்டில் எப்போதோ 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கி வைத்திருந்ததைத்தான் ஃப்ளாக்காக மாற்றியிருக்கிறார்.

காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டு எம்பி3 எறிந்துவிட்டதை ஃப்ளாக்கால் மீட்க முடியாது. கொடுத்ததை அப்படியே சுருக்கி வைக்கும், அவ்வளவுதான். சிடியிலிருந்து நேராக எடுத்திருந்தால் அளவு ஏறக்குறைய பாதியாகியிருக்கும், ஒரு பிட்கூடக் குறைந்திருக்காது. சிடி கையில் இருந்தும் இப்படிச் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் அடங்கவில்லை. உள்ளூர் கச்சேரி சிடிக்கு மறுபதிப்பு எங்கே வரப்போகிறது?

சிடியிலிருந்து பாட்டை எடுக்கும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில், பிழை பார்த்துப் படிக்கும் செக்யூர் மோடு வைத்து எடுங்கள். மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் அக்யுரேட்ரிப் பட்டியலில் இல்லாத சிடி என்றால், இரண்டு டிரைவில் எடுத்து சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். அதற்குப் பிறகும் சிடியைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். 1956-இல் மறைந்த நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்து இசைத்தட்டுகளிலிருந்து வந்த சிடிகளில் மேல் அலைவரிசை இயல்பாகவே குறைவு. அது போலி அல்ல. அங்கே படிப்படியாக மங்கும், ஒரே கோட்டில் நிற்காது.

சத்தத்தைச் சமமாக்காமல் கேட்பது

இரண்டில் கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும். சமமாக்குங்கள்.

வேறு மாஸ்டரை ஒப்பிடுவது

ரீமாஸ்டர் செய்த, அதாவது ஒலியை மறுபடி சீர்செய்து வெளியிட்ட கோப்பையும் பழைய சிடியையும் வைத்து 'ஃப்ளாக்தான் உசத்தி' என்றால், நீங்கள் ஒப்பிட்டது மாஸ்டரிங்கை.

சிடியை 24 பிட்டாக ஏற்றுவது

வேண்டாம். சிடியில் இருப்பதே 16 பிட்தான். இடம்தான் வீண்.

சிடியின் மேற்பக்கத்தில் பேனாவால் எழுதுவது

பதிவு இருக்கும் உலோகப் படலம் லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம். மேலே பால்பாயிண்ட் அழுத்தினால் அந்த இடம் போச்சு. பெயரைக் கவரில் எழுதுங்கள்.