கானாவில் முந்திரி: நிலத்தைக் கடைசியில் பாருங்கள்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: தூத்துக்குடியில் இறங்குகிற கானா கொட்டையை அங்கேயே போய் விளைவித்தால் என்ன? விளைவிக்கலாம். ஆனால் நிலத்தில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நிலத்திலேயே முடங்கிப்போகிறார்கள்.

முதலில் ஒரு பருவம் கொட்டை வாங்கிப் பாருங்கள். பிப்ரவரி முதல் ஜூன் வரை டெச்சிமான், வென்ச்சி, ஐவரி கோஸ்ட் எல்லையோரச் சாம்பா ஆகிய ஊர்களில் வரத்து இருக்கும். நீங்களே தோட்டத்தில் போய் நின்று விலை பேசாதீர்கள். உரிமம் பெற்ற உள்ளூர்க் கொள்முதல்காரர் வழியாக வாங்குங்கள். மரப்பயிர்களுக்கென 2019இல் உண்டான ஆணையம் குமாசியில் இருக்கிறது. முந்திரிக்கான உரிமமும் குறைந்தபட்ச விலையும் அவர்கள் பொறுப்பு.

மூட்டையின் அழகைப் பார்த்து விலை சொல்லாதீர்கள். மேல், நடு, அடி என மூன்று இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்து, ஒரு கிலோவை வெட்டிப் பாருங்கள். நல்ல பருப்பை முழு எடையாகவும், லேசாகப் புள்ளி விழுந்ததையும் சுருங்கியதையும் பாதி எடையாகவும் கணக்கிடுங்கள். பூஞ்சை பிடித்ததைத் தூக்கி எறியுங்கள். மொத்தம் 270 கிராம் வந்தால், 80 கிலோ மூட்டைக்கு அவுட்டர்ன் (ஒரு மூட்டையில் தேறும் பருப்பு எடை) சுமார் 47.6 பவுண்டு. ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டிய சரக்கு கப்பலிலேயே கறுத்துவிடும். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

அடுத்து, ஆலையா கிடங்கா? என் ஓட்டு கிடங்குக்கும் உலர்களத்துக்கும்தான். அங்கே ஆலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. வருடம் முழுவதும் உடைக்க வேண்டிய கொட்டையை நான்கைந்து மாதத்தில் வாங்கி வைக்கக் கைமுதல் இல்லாமல் பல சும்மா கிடக்கின்றன. இயந்திரத்துக்குப் பணம் கொடுக்கப் பலர் உண்டு, கொட்டைக்குக் கொடுக்க ஆள் குறைவு. பணத்தை டாலரிலேயே வைத்து, கொள்முதலுக்குத் தேவையானதை மட்டும் அவ்வப்போது கானா நாணயமான 'செடி'யாக (cedi) மாற்றுங்கள். 2022 டிசம்பரில் அங்கே பணவீக்கம் 54 சதவீதத்தைத் தொட்டது.

நிறுவனப் பதிவில் 2013ஆம் ஆண்டு முதலீட்டுச் சட்டம், உள்ளூர்ப் பங்காளியோடு சேர்ந்தால் 2 லட்சம் டாலர், தனியாக என்றால் 5 லட்சம் டாலர் எனக் குறைந்தபட்ச முதலீடு கேட்டது. ஏற்றுமதி வணிகத்துக்கும் உற்பத்திக்கும் விலக்கு தந்தது. திருத்தம் ஏதும் வந்திருக்கிறதா என்று அக்ராவில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள்.

இவ்வளவும் கைவந்த பிறகு நிலம். வெளிநாட்டவருக்குச் சொந்த நிலம் கிடையாது. அரசியலமைப்பின்படி அதிகபட்சம் 50 ஆண்டுக் குத்தகை. ஊர்த்தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, அவருடைய பெரியவர்களும் போட வேண்டும். நில ஆணையத்தில் வில்லங்கம் பாருங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு எல்லையைக் காலால் நடந்து பாருங்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கோருவது அங்கே புதிதல்ல.

பத்து மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 40 மரம். மூன்றாம் ஆண்டில் பூத்தாலும், காசு பார்க்க இன்னும் சில ஆண்டு ஆகும். அதுவரை வரிசைகளுக்கு நடுவே பெருவள்ளிக்கிழங்கு வகையான 'யாம்' (yam), மக்காச்சோளம், நிலக்கடலை போடலாம். பராமரிப்பவரோடு விளைச்சலில் பாதிக்குப் பாதி, 'அபுனு' முறையில் எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் புதர்த்தீ ஒரே மதியத்தில் தோட்டத்தை எரித்துவிடும். அதனால் நவம்பர் முடிவதற்குள் சுற்றிலும் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை போட்டுவிடச் சொல்லுங்கள். அந்தக் கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.